இரண்டு பாயிண்ட்

இந்த மேசை ஆடுகிறது, சார். நீங்கள் பேனாவை அழுத்தும்போதெல்லாம் வலது முன்கால் தூக்கிக்கொள்கிறது. மற்ற மூன்று கால்களைவிட அது ஒரு மில்லிமீட்டர் குட்டை. கொஞ்சம் பொறுங்கள், சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்கிறது. கால் மில்லி கனம். நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். இப்போது எழுதிப் பாருங்கள்.

என் பெயர் பெரியதம்பி. வயது முப்பத்தாறு. கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் இந்தக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து ஆறு வருடம் நாலு மாதம் ஆகிறது. நீங்கள் கிருஷ்ணகிரி தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசிலிருந்து வந்திருப்பது ஒரே ஒரு கேள்விக்காக என்று தெரியும். மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, திம்மராயனுடைய கை மாட்டியபோது நாலாம் நம்பர் பிரஸ்ஸின் தடுப்புக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது கேள்வி. சொல்கிறேன். ஆனால் ஒரு எண்ணைத் தனியாகத் தூக்கிக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்காது. எதற்காக அந்த அளவு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓசூருக்கு வந்த புதிதில் எனக்கு ரொம்பப் பயம். ஜூஜுவாடி போகும் பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் கேட்பார். வீட்டுக்கார அம்மா தெலுங்கில் ஏதோ சொல்வார், சிரித்துக்கொண்டே சொல்வதால் திட்டா, விசாரிப்பா என்று பிடிபடாது. மிஷின் ஓடும் ஷாப்பில் ஒரே ஆள் ஒரே மூச்சில் மூன்று பாஷை பேசுவான். நான் வாயைத் திறந்தால் என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். வெர்னியர் அளவுகோலைத் திருப்பிப் பன்னிரண்டு புள்ளி நாலு என்று காட்டினால் மட்டும் எவனும் சிரிக்க மாட்டான். அது எந்தப் பாஷையிலும் பன்னிரண்டு புள்ளி நாலுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டிலிருந்து கம்பெனி கேட் 1,842 காலடி. சைக்கிள் வாங்கிய பிறகும் நடந்துதான் வருவேன். எண்ணிக்கை நாலைந்து கூடினால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது.

இந்தப் பக்கத்து ஆட்களிடம் பேரிகை என்ற ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். "இங்கதான் சார், ரெண்டு பீடி தூரம்" என்பார்கள். யாருடைய பீடி, எவ்வளவு வேகமாக இழுக்கிறவன் என்று கேட்டால் நம்மைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அளவு தெரியாதவர்கள் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

நாங்கள் செய்வது ஒரு சின்ன இரும்பு வளையம். ஷிம் என்போம். பஸ், லாரி பிரேக்குக்குள் போவது. கனம் இரண்டு மில்லிமீட்டர். கூடினால் 2.03 வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் பிரேக் விடாமல் உரசும். உரசினால் சூடாகும். சூடானால், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எங்களுக்கு ஒரு பாயிண்ட். தலைமுடி ஒன்று ஏழெட்டு பாயிண்ட் இருக்கும். எங்களுக்கு அனுமதித்தது மூன்று.

அதைச் சோதிக்க ஒரு கேஜ் உண்டு. லாடம் மாதிரி இருக்கும். வாய்க்குள் ஷிம் நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் கழிவு. கம்பெனி விதிப்படி கேஜ் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதைத் தொடுகிற உரிமை ஒரே ஆளுக்கு. எனக்கு.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலில் அடிக்கும் ஷிம் என் மேசைக்கு வர வேண்டும். நான் முத்திரை வைத்த பிறகுதான் மிஷின் ஓடும். ஆனால் ஆட்கள் நேரே என்னிடம் வர மாட்டார்கள். வழியில் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்பார்கள். அங்கே திம்மராயன் இருப்பான். பேரிகையில் கேழ்வரகு விதைக்கிற வீட்டுப் பிள்ளை, எட்டாவது ஃபெயில், வயது இருபத்தொன்பது. ஷிம்மை வாங்கி, வலது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பான். "சரியா கீது, போ" என்பான். இல்லாவிட்டால், "ஒரு பாயிண்ட் ஜாஸ்தி, டையைக் கொஞ்சம் எறக்கு" என்பான். டை என்பது தகட்டை அடிக்கிற அச்சு. அதற்குப் பிறகுதான் என்னிடம் வருவார்கள். என் முத்திரை அவர்களுக்கு வெறும் மை.

பொங்கலுக்கு முந்தின வாரம் கேன்டீனில் ஒரு பந்தயம் வைத்தார்கள். பத்து ஷிம். ஒவ்வொன்றையும் நானே மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டேன். திம்மராயனின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டார்கள். அவன் ஒவ்வொன்றாகத் தடவி, மெல்லிசிலிருந்து கனம் வரை வரிசையாக வைத்தான். இரண்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, "இது ரெண்டும் ஒண்ணுதான் சார், அண்ணன் தம்பி" என்றான்.

என் தாளில் அந்த இரண்டும் 2.01. மற்ற எட்டும் அவன் வைத்த வரிசையில்தான் இருந்தன. எல்லோரும் விசில் அடித்தார்கள். நான் டீயைத் தொடவில்லை.

"எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"தெர்ல சார். தொட்டா தெரியுது."

அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. அந்த விரலில் கோடு இல்லை, எண் இல்லை. தெரியாது என்று சொல்கிறது, ஆனால் சரியாகச் சொல்கிறது. அப்படியானால் நான் ஆறு வருடம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

பிப்ரவரி இரண்டாம் வாரம் அவன் என் மேசைக்கு வந்து ஒரு ஷிம்மை வைத்தான். "சார், இது ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி கீது." கேஜில் விட்டுக் காட்டினேன். நுழைந்தது. பாஸ் என்றேன். "இல்ல சார், ஜாஸ்திதான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல் சொன்னான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். ஒருநாள்கூட ஒன்று என்றோ மூன்று என்றோ சொல்லவில்லை. எப்போதும் இரண்டு.

அவன் மிஷினை விட்டு எழுந்தாலே நான் நோட்டைத் திறந்து குனிந்துகொள்வேன். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன, வெரல்ல எதும் குத்திட்டா? பாத்துக்கிட்டே இருக்கீய" என்பாள் பேச்சியம்மாள், என் மனைவி. ஒன்றுமில்லை என்பேன். ஷிம் ஒன்றை வைத்து நானும் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு இரும்புதான் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

மார்ச் முதல் வாரம் சூப்பர்வைசர் கங்கப்பன் என்னிடம் வந்தார். "பெரியதம்பி, அவன் இத்தினி நாளா சொல்லினே கீறான். ஒருதரம் பாத்துடலாமே. நாளைக்கு ஏதாவது பஸ்ஸு கவுந்துச்சுன்னா நம்ம தலைதானே உருளும்?" விஷயம் மேனேஜர் வரை போனது. பத்தாம் தேதி திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஓர் ஆள் சொந்தக் கருவிகளோடு வருவார், கேஜையும் ஷிம்மையும் எல்லோர் முன்னாலும் சோதிப்பார், திம்மராயனும் இருக்க வேண்டும் என்று முடிவானது.

கேஜைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் பயந்தது, இருபது பேர் பார்க்க ஒரு விரல் என்னை எதிர்த்து நிற்பதற்கு. அது நின்றால் அதற்குப் பிறகு எந்த எண்ணையும் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு தொழிற்சாலை அப்படி ஓட முடியாது. நான் நினைத்தது கம்பெனியின் நன்மையையும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை கேன்டீனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த அதிசய விரலையே ஒருதடவை அளந்து பாக்கறேன், குடு" என்றேன். வளையல்காரரிடம் நீட்டுவதுபோல் சிரித்துக்கொண்டே நீட்டினான். கட்டைவிரல் மூட்டில் கனம் 17.6. அகலம் 22.1. நீளம் 61. உள்ளங்கை சூடாக இருந்தது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

இனி பிரஸ். நாலாம் நம்பர் அறுபது டன். காலால் மிதித்தால் மேலேயிருந்து டை இறங்கி அடிக்கும். அதில் பழைய கோளாறு ஒன்று உண்டு. மிதிப்பது ஒருதடவை, சில சமயம் அடிப்பது இரண்டு தடவை. அடியை ஒன்றோடு நிறுத்துகிற, சாவி என்கிற இரும்புத் துண்டு உள்ளே தேய்ந்துவிட்டது, மாற்றுச் சாவி வரவில்லை. அதனால்தான் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்திருந்தோம். தடுப்புக்கும் டைக்கும் நடுவே எட்டு மில்லி. தகடு நுழையும், விரல் நுழையாது. சனிக்கிழமைதோறும் அந்த எட்டு மில்லியைச் சரிபார்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

நான் எதையும் குத்துமதிப்பாகச் செய்கிறவன் இல்லை. பிப்ரவரியில் 2,960 அடிகளை எண்ணியிருந்தேன். எட்டு தடவை இரட்டை அடி விழுந்தது. 370-க்கு ஒன்று. முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நொடிகூடக் கிடையாது. ஒரு ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் அடி. கணக்கு உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே போனேன். தடுப்பில் இரண்டு போல்ட். தளர்த்தித் தூக்கி மறுபடி முறுக்க நாலு நிமிடம். நீங்கள் கேட்ட இடைவெளி பத்தொன்பது மில்லிமீட்டர். 17.6-ம், தாராளமாகப் போய்வர 1.4-ம். அதற்கு மேல் விட்டால் முழுக்கையும் போய்விடும். எனக்கு வேண்டியது விரல் மட்டும். அட்டையில் எட்டு, சரி என்று எழுதினேன்.

திம்மராயன் வந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "திங்கக்கிழமை உன் பக்கம் ஆதாரம் வேணும்ல? இன்னைக்கு அடிக்கிற ஒவ்வொரு ஷிம்மையும் டையிலேயே தொட்டுச் சொல்லு. வெளியே விழுந்தா கலந்துபோயிரும். நான் வரிசையா எழுதிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா சார் சொல்றீங்க?" என்றான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு குனிந்து பார்த்தான். "தடுப்பு தூக்கி கீதே?"

"இதுக்காகத்தான் தூக்கியிருக்கேன். அளவு பாத்துத்தான் வச்சிருக்கேன்."

"டபுள் அடிக்குமே சார்."

"நேத்து சாவி மாத்தியாச்சு."

சாவி மாற்றவில்லை. ஆனால் அது வெறும் வார்த்தை, எண் இல்லை. வார்த்தை விஷயத்தில் நான் அவ்வளவு கறாரானவன் இல்லை.

காலை எட்டு பத்துக்கு ஆரம்பித்தான். மிதிப்பான், அடி விழும், கட்டைவிரலை உள்ளே விடுவான், "ரெண்டு" என்பான். நான் நோட்டில் இரண்டு என்று எழுதுவேன். மிதி, அடி, விரல், ரெண்டு. நூறு தாண்டியது. ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. "இன்னா சார், மொகமெல்லாம் வேர்த்து கீது, ஒக்காருங்க" என்று ஒருதடவை சொன்னான். நின்றுகொண்டே எழுதினேன். அந்த நோட்டில் 286 இரண்டுகள் இருக்கின்றன. அத்தனை தடவையும் நான் போதும் என்று சொல்லியிருக்கலாம். எண்ணிக்கையை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

287-வது ஷிம்முக்கு அவன் "ரெ" என்று வாயெடுத்தான். டை மறுபடி இறங்கியது.

ஒரு பிழை நேர்ந்தது. கட்டைவிரலோடு ஆட்காட்டி விரலின் முதல் கணுவும் போய்விட்டது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

என் துண்டை எடுத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியது நான்தான். கங்கப்பனும் இன்னும் இரண்டு பேரும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஷாப்பே கேட்டுக்கு ஓடியது. நான் பிரஸ்ஸுக்குத் திரும்பினேன். இரண்டு போல்ட், நாலு நிமிடம். தடுப்பு எட்டு மில்லிக்கு வந்துவிட்டது. பிறகு வந்து பார்த்த எல்லோரும் எட்டு மில்லியைத்தான் பார்த்தார்கள். கம்பியை வளைத்துக் கையை விட்டிருக்கிறான், அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டார்கள். துண்டு கட்டிக் காப்பாற்றினவன் என்று திம்மராயன் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூர் ஆளை வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புகார் சொல்ல ஆள் இல்லாதபோது சோதனை எதற்கு?

அதற்குப் பிறகு ஆறு வாரம் நன்றாகத் தூங்கினேன். 1,842 அடி ஒருநாளும் மாறவில்லை.

இந்த வியாழக்கிழமை அவனைப் பார்க்கப் பேரிகைக்குப் போனேன். போகாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்காது. அவன் மனைவி கெம்பம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க துண்டைக் கட்டலன்னா உசிரே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாருண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் மோரைக் குடித்தேன்.

திம்மராயன் இளைத்திருந்தான். "திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன் சார். மேனேஜர் சரின்னுட்டாரு. அதே நாலாம் நம்பரே கேட்டு கீறேன். எடது கையால ஓட்டிப்பேன்" என்றான். பிறகு, "ஷிம்மு ஒண்ணு வச்சினுகீறீங்களா சார்?" என்று கேட்டான்.

என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. இடது கையில் வாங்கி, கண்ணை மூடி, ஒரு தேய் தேய்த்தான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இன்னும் ரெண்டு கீது சார். எடது கைலயும் தெரியுது. இத்தினி நாளா எனக்கே தெரியாது."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன், சார். அப்படி ஒரு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கேஜ் விஷயத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு அது என் கையிலிருந்து நழுவி விழுந்தது. மேசை உயரம் 760 மில்லி, சிமெண்ட் தரை. அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தேன். வாய் அகன்றிருந்தது. எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். கேஜ் அட்டையில் சரி என்று எழுதினேன். அன்றைக்கே உண்மையை எழுதியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். பதினைந்து நாள் கழித்து எழுதினால் வேலை போகும். அதற்கும் பிறகு எழுத வழியே இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து நேற்றுவரை 1,41,600 ஷிம் வெளியே போயிருக்கிறது. அவை எத்தனை பஸ்ஸில் ஓடுகின்றன என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்த அட்டையை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நாலாம் நம்பர் பிரஸ். ஏப்ரல் 28, திங்கட்கிழமை. தடுப்பு இடைவெளி எட்டு மில்லிமீட்டர், சரி. கீழே என் கையெழுத்து. இன்று சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதிதான். அதை எப்போது எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. காலையில் பையில் கைவிட்டபோது இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

பின்பக்கம் பென்சிலில் 16.8 என்று இருக்கும். வியாழக்கிழமை பேரிகையில், அவன் ஷிம்மைத் திருப்பிக் கொடுக்கும்போது இடது கட்டைவிரலைப் பிடித்து அளந்தது. மற்ற அட்டைகளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். இதில் தப்பு இருக்காது, சார். மூன்று தடவை அளந்தேன்.